கருப்பைக்கு ஒரு காவல்

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உடம்பு குப்பென்று சூடேறி வியர்ப்பதற்கு ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் பெண்களுக்கு, கருப்பை இருந்தால் புரோஜெஸ்ட்ரோனும் வேண்டும். இல்லாவிட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்து, புற்றுநோய் வரை போகலாம். புரோஜெஸ்ட்ரோனை விழுங்கினால் சிலருக்குத் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் வரும். பிறப்புறுப்பில் வைத்தால் மருந்து நேரே கருப்பைக்குச் சேரும். அந்தத் தொல்லையும் குறைவு. அப்படி வைக்கும் கேப்சூலிலிருந்து எண்ணெய் கசியும். சிலவற்றில் கடலை எண்ணெய் உண்டு, ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்டு வாங்குங்கள். உள்ளே வைக்கும் ஜெல் ஒட்டி நிற்கும், பிறகு வெள்ளைத் துகளாக வெளியேறும், பயப்பட வேண்டாம். தோலில் பூசும் புரோஜெஸ்ட்ரோன் கிரீமை மட்டும் நம்பாதீர்கள். கருப்பையைக் காக்க அது போதாது. எதிர்பாராத ரத்தக்கசிவு தெரிந்தால், கூச்சப்படாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.