வாச்சாத்தி கொடுத்த விலை

(அரூரில் நடந்த இளைஞர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கஞ்சா வேட்டை என்று செய்தி வந்தால் நம்மில் பலர் கைதட்டுகிறோம். நானும் தட்டியிருக்கிறேன். நம் தெருத் தம்பிகள் போதையில் சீரழிவதைப் பார்ப்பவருக்கு அந்தக் கோபம் வரத்தான் செய்யும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். ஆகவே கடத்தலை ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒழிக்க வருகிறவர்கள் யார் வீட்டுக் கதவை உடைக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

அதற்கு விடை பக்கத்திலேயே இருக்கிறது. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை பதுக்கியிருப்பதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அங்கே நுழைந்தன. மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட 133 பேரைக் கைது செய்தார்கள்.

அதோடு விடவில்லை. வீடுகளை இடித்தார்கள். ஆடு மாடுகளைக் கொன்றார்கள். தானியத்தில் கண்ணாடித் துண்டுகளைக் கலந்தார்கள். கிணற்றில் எண்ணெயை ஊற்றினார்கள். கட்டையைத் தேடி வந்தவருக்குக் கிணற்றில் என்ன வேலை? அந்த ஊர் மறுபடி பிழைக்கவே கூடாது என்பதுதான் நோக்கம்.

பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணை நின்றன. 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. இடையில் போனது 31 ஆண்டுகள். சாட்சி சொல்லப் போன நாளெல்லாம் கூலி போன நாள். அந்தக் கணக்கை யார் எழுதினார்கள்?

அந்தத் தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றவே இந்த நாடகம் நடத்தப்பட்டது என்று நீதிமன்றமே சொன்னது. மரம் வெட்டியவருக்குக் கிடைப்பது கூலி. லாபம் போகும் இடம் வேறு. ஆனால் அடி மட்டும் மலைக்கு வருகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாக ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள்தான்.

ஒரு பெரிய வியாபாரி வரி ஏய்த்தால் அவர் தெருவையே சுற்றி வளைப்பார்களா? மாட்டார்கள். தனி ஆளின் குற்றத்தை ஊரின் குற்றமாக்குவது சேரிக்கும் மலைக்கும் மட்டும்தான். இதற்குப் பெயர் சாதி.

இன்று சந்தனத்தின் இடத்தில் கஞ்சா. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், வணிக அளவு என்று வழக்குப் போட்டால் ஜாமீன் கிடைப்பது அரிது. தனக்குக் குற்ற எண்ணம் இல்லை என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாத வீட்டுக்கு இதன் பொருள் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்த முறை வேட்டைச் செய்தியைப் பகிரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பிடிபட்டவர் யார்? சரக்குக்குப் பணம் போட்டவர் யார்? அவர் ஏன் பிடிபடவில்லை? வாச்சாத்திப் பெண்கள் அடையாள அணிவகுப்பில் அதிகாரிகளை நேருக்கு நேர் பார்த்துக் கை நீட்டினார்கள். நம்மால் கேள்வியாவது கேட்க முடியும்.

ஜெய்பீம்.