விளம்பரச் செலவுக்குக் கணக்கு எங்கே?

(அச்சங்குளம் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

தீப்பெட்டியிலும் பட்டாசிலும் பாடுபடுகிற எங்களுக்குக் கம்பெனிகளின் விளம்பரச் செலவைப் பற்றி என்ன கவலை என்று உங்களில் சிலர் கேட்கலாம். கவலைப்பட வேண்டியவர்கள் நீங்கள்தான். அந்தப் பணம் முதலாளி தன் வீட்டிலிருந்து கொண்டு வந்ததல்ல. சோப்புக்கும் மருந்துக்கும் நீங்கள் கொடுக்கிற விலைக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது. பணம் கொடுத்தவனுக்குக் கணக்குக் கேட்க உரிமையில்லையா?

1927-இல் சென்னை மாகாணத்தில் இந்து மத பரிபாலனச் சட்டம் வந்து, கோயில் வரவு செலவுக்குத் தணிக்கை ஏற்பட்டபோது, மடாதிபதிகள் பலர் எதிர்த்தார்கள். சாமி சொத்து என்று சொல்லிக் கணக்கை மூடினார்கள். இன்று கம்பெனிக்காரர் வியாபார ரகசியம் என்று சொல்லி மூடுகிறார். பெயர்தான் வேறு; மூடுகிற துணி ஒன்றே.

கம்பெனிகளுக்குத் தணிக்கை இல்லையா என்றால், இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. ஆனால் வெளியிடும் கணக்கில் விளம்பரச் செலவு பெரும்பாலும் ஒரே வரியில் அடங்கிவிடும். எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு, எந்த நடிகருக்கு எவ்வளவு என்று அதில் இராது. கட்சி மலரில் கொடுக்கும் விளம்பரத்தைக் கட்சி நன்கொடையாகவே சட்டம் கருதுகிறது. ஆயினும் எந்தக் கட்சிக்கு என்று சொல்ல வேண்டியதில்லை என 2017-இல் திருத்தினார்கள். 2024 பிப்ரவரி 15-இல் சுப்ரீம் கோர்ட்டு அத்திருத்தம் செல்லாதென்று தள்ளியது.

அன்றியும், தணிக்கையாளர் ரசீது சரியா என்று பார்ப்பாரேயன்றி, விளம்பரத்தில் சொன்னது உண்மையா என்று பார்ப்பதில்லை. சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அப்படியிருந்தும் பதஞ்சலி கம்பெனியின் விளம்பரங்கள் மீது இந்திய மருத்துவச் சங்கம் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் அக்கம்பெனி பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியிட்டபோது, விளம்பரம் எவ்வளவு பெரிதாக வந்ததோ அவ்வளவு பெரிதாக மன்னிப்பும் வந்ததா என்று நீதிபதிகள் கேட்டார்கள். யோக்கியமான கேள்வி! ஆனால் அதைப் பத்திரிகைகளல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்? விளம்பரப் பணம் வாங்குகிற கை எப்படிக் கேட்கும்?

தோழர்களே! பட்டாசுப் பெட்டியின் மேல் சிரிக்கும் குழந்தையின் படம் இருக்கிறது. அதற்குள்ளிருக்கும் சரக்கைச் செய்தவர்களின் படம் இல்லை. 2021 பிப்ரவரி 12-இல் இதே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே நாம் கேட்பது இதுதான்: எந்தத் தொழிலானாலும், விளம்பரத்துக்கு எவ்வளவு, தொழிலாளியின் உயிர்க்காப்புக்கு எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வெளியிட வேண்டும். விளம்பரப் பணம் யாருக்குப் போயிற்று என்பதையும் பத்திரிகையும் கட்சியும் உட்படப் பெயரோடு சொல்ல வேண்டும். விளம்பரத்தில் சொன்னதற்கு என்ன ஆதாரம் என்பதையும் தணிக்கை செய்ய வேண்டும்.

நேர்மையாய்ச் செலவு செய்கிறவனுக்கு இதனால் என்ன நஷ்டம்?

நாம் சொன்னோம் என்பதற்காக இதை ஒப்புக்கொள்ள வேண்டாம். நாளைக்குக் கடையில் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுக்கும்போது, இந்த விலையில் சரக்குக்கு எவ்வளவு, படத்துக்கு எவ்வளவு என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஊரெங்கும் எடுத்துச் சொல்லுங்கள்.