தெற்கே போன வேட்டைக்காரர்



புற்றுநோயைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வீரனைக் கையோடு மேடைக்கு அழைத்து வருவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, தனியாக நின்று, நோயை வீழ்த்தியவன். கைதட்டல் நிச்சயம். இன்றைக்கு இங்கே வரப்போகிறவர் ஒரு வேட்டைக்காரர். நோயை அவர் வீழ்த்தவில்லை. வாழ்நாளில் எதையும் அவர் தனியாகச் செய்ததும் இல்லை. அவரைப் பற்றிப் பேசுவதற்கே அதுதான் காரணம்.

பெயர் கனாங்கினாக் பூட்டூகுக். கனடாவின் வடக்கே, பாஃபின் தீவின் தென்கரையில், இக்கெராசாக் என்ற குடியிருப்பில் 1935ஆம் ஆண்டு பிறந்த இனுயிட் பழங்குடியினர். தந்தை பூட்டூகுக் அந்தக் குடியிருப்பின் தலைவர்; அங்கிருந்த குடும்பங்கள் பசியாறுவது அவர் எடுக்கும் முடிவைப் பொறுத்தது. குளிர்காலத்தில் பனிக்கட்டி வீடு. மகன் நடக்கப் பழகிய கையோடு சீல், வால்ரஸ், கேரிபூ மான் என்று வேட்டையும் பழகினார். வெள்ளை நரிக்குப் பொறி வைத்து, தோலை வணிகர்களிடம் கொடுத்து, மாவும் தேயிலையும் தோட்டாவும் வாங்கி வந்த தலைமுறை அது. புகையிலையும் அதே வணிகர்களின் கடையிலிருந்துதான் வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1957இல் ஷூயூ என்ற பெண்ணை மணந்து, கேப் டோர்செட் என்ற ஊருக்குக் குடிவந்தார். இன்று அந்த ஊருக்குக் கிங்கைட் என்று பெயர். ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற கனடியர் அங்கே ஓர் அச்சோவியப் பட்டறை தொடங்கினார்; பின்னர் ஜப்பானுக்கே போய் அந்தக் கலையைக் கற்றும் வந்தார். அந்தப் பட்டறையில் முதலில் கைவைத்த சிலரில் கனாங்கினாக்கும் ஒருவர். வேலை எப்படி நடக்கும் என்றால், வரைந்த படத்தைத் தட்டையான கல்லின்மேல் மாற்றுவார்கள். கோடு மட்டும் மேடாக நிற்கும்படி மிச்சத்தைச் செதுக்கி எடுப்பார்கள். உருளையால் மை தடவி, மெல்லிய ஜப்பானியத் தாளை மேலே போட்டு, விரலாலும் தேய்ப்பானாலும் மெல்லத் தேய்த்து உரிப்பார்கள். கல் ஒருமுறை உடைந்தால் அத்தனையும் போயிற்று. 1959இல் முதல் தொகுப்பு வெளிவந்தது. அதே ஆண்டு உருவான கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவராக வந்தவர் இந்த இருபத்துநாலு வயது வேட்டைக்காரர்.

அவர் வரைந்த பறவைகளைப் பார்த்துவிட்டு, வடக்கின் ஆடுபான் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ஆடுபான் அமெரிக்கப் பறவைகளை எல்லாம் வரைந்து குவித்தவர். பாராட்டு பொருத்தமானதுதான். ஆனால் கனாங்கினாக்கின் ஆந்தையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். எந்த இறகு எதன்மேல் படிகிறது, கால் எங்கே உடம்புக்குள் மறைகிறது என்பதெல்லாம் தொலைவில் நின்று பார்த்தவனுக்குத் தெரிகிற சங்கதி அல்ல. பறவையை மடியில் போட்டு இறகு பறித்தவனுக்குத்தான் தெரியும்.

2010இல் கனடாவின் பழங்குடியினருக்கான தேசிய விருது, வாழ்நாள் சாதனைக்காக அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு நுரையீரலில் புற்று இருப்பது தெரியவந்தது. அறுவை சிகிச்சைக்காக ஒட்டாவா போனார்.

‘போனார்’ என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். கிங்கைட் இருக்கும் நுனாவுட் பிரதேசத்தில் 25 ஊர்கள். ஓர் ஊரையும் இன்னோர் ஊரையும் இணைக்கச் சாலை கிடையாது. கிங்கைட்டில் செவிலியர்கள் நடத்தும் சுகாதார நிலையம் உண்டு. மருத்துவமனை, விமானத்தில் போகவேண்டிய இக்காலுயிட் நகரத்தில். புற்றுநோய் அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ அங்கிருந்தும் விமானம் ஏறி ஒட்டாவா போகவேண்டும். மொத்தம் 2,000 கிலோமீட்டருக்கு மேல். குமரிமுனைக்காரர் ஒருவர் கதிர்வீச்சுக்கு டெல்லி வரை போவதாக வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் புற்றுக்குக் கதிர்வீச்சு என்றால் பல நேரம் வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். இடையில் ஊருக்குப் போய் வரலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மரமே முளைக்காத நிலத்தில் பிறந்த கிழவர் ஒருவர், மேப்பிள் மரங்கள் அடர்ந்த நகரத்தில், மொழி தெரியாத செவிலியர் நடுவே ஆறு வாரம் தனியாக இருக்கவேண்டும்.

இங்கேதான் வேட்டையைப் பற்றி நாம் வைத்திருக்கும் படத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. உறைந்த கடலில், சீல் மூச்சுவிட மேலே வரும் துளைக்கருகே, அசையாமல் மணிக்கணக்கில் நிற்கும் ஒற்றை மனிதன். புகைப்படக்காரர்களுக்குப் பிடித்த காட்சி. அவன் உடம்பில் இருக்கும் உடுப்பைப் பாருங்கள். கேரிபூத் தோலில் இரண்டு அடுக்கு. உள்ளடுக்கின் மயிர் உடம்பைத் தொடும், வெளியடுக்கின் மயிர் காற்றைத் தடுக்கும். சீல் தோல் காலணியில் தண்ணீர் புகாதபடி, தோலை முழுதும் துளைக்காமல் பாதி ஆழத்திலேயே ஊசியைத் திருப்பி, நரம்பு நூலால் தைத்திருப்பாள் அவன் மனைவி. ஒரு தையல் பிசகினால் அவனுக்குக் கால் விரல் போகும். அவன் கொண்டுவரும் சீலைப் பிறை வடிவக் கத்தியால் கூறுபோட்டு, யார் வீட்டுக்கு எந்தத் துண்டு என்று பிரித்து அனுப்புகிறவளும் அவளே. சுடுவது ஒருவன், வேட்டையாடுவது குடும்பம்.

அப்படிப்பட்டவனிடம் ‘தைரியமாக இருங்கள்’ என்று சொல்லி, ஒற்றைக் கட்டிலில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? கற்பனை வேண்டாம், கனடா இதைச் செய்தே பார்த்திருக்கிறது.

1950இலிருந்து ஒவ்வொரு கோடையிலும் ‘சி.டி. ஹோவ்’ என்ற அரசுக் கப்பல் வடக்குக் கரையோர ஊர்களைச் சுற்றிவந்தது. கப்பலிலேயே மருத்துவர், எக்ஸ்ரே கருவி. ஊரே ஏறிப் படம் எடுத்துக்கொள்ளும். காசநோய் என்று தெரிந்தால் பலரைத் திரும்பக் கரையில் இறங்கவே விடவில்லை. துணி எடுக்க நேரமில்லை, பிள்ளையிடம் சொல்லிக்கொள்ள நேரமில்லை. அப்பன் போனால் வீட்டில் இறைச்சி இல்லை. தாய் போனால் பிள்ளைகள் யார் வீட்டிலோ. 1956 வாக்கில் இனுயிட் மக்களில் ஏழில் ஒருவர் தெற்கே ஏதோவொரு சானடோரியத்தில் இருந்தார். ஹாமில்டன் நகரத்து சானடோரியத்துக்கு மட்டும் சில ஆண்டுகளில் மொத்தம் 1,200க்கும் மேற்பட்டவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்தபடியே கல்லில் சீலும் கரடியும் செதுக்கினார்கள். மருந்து பலித்தது, பலர் பிழைத்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இறந்தவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. 2019 மார்ச் 8 அன்று அப்போதைய பிரதமர் ட்ரூடோ இக்காலுயிட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் திட்டமும் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது.

முதன்முதலாக அந்தக் கப்பல் வடக்கே வந்தபோது கனாங்கினாக்குக்குப் பதினைந்து வயது. அவர் தலைமுறையில் ஒரு முதியவர் ‘தெற்கே சிகிச்சை’ என்று கேட்டதும் முகம் திருப்பினால், அதை அறியாமை என்று எழுதிவிடும் மருத்துவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது அறிந்ததால் வந்த பயம்.

குடும்பத்தைச் சொன்னேன்; அடுத்து மத நம்பிக்கை. இந்த இடத்தில் பகுத்தறிவாளர் வரிசையில் சிலர் நெளிவது தெரிகிறது, கொஞ்சம் பொறுங்கள்.

எட்மண்ட் பெக் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் 1894இல் பாஃபின் தீவையொட்டிய பிளாக்லெட் தீவுக்கு வந்தபோது அவரிடம் இருந்தது ஓர் எழுத்துமுறை. வடிவங்கள் சில, அவற்றைத் திருப்பித் திருப்பி எழுதுவதுதான் சூத்திரம். முக்கோணத்தின் முனை மேலே பார்த்தால் ‘இ’, வலப்பக்கம் பார்த்தால் ‘உ’, இடப்பக்கம் பார்த்தால் ‘அ’. உயிர்மெய் படித்த நமக்கு அரைநாளில் பிடிபடும். பாதிரியார் போகாத குடியிருப்புகளுக்கெல்லாம் அந்த எழுத்து போய்விட்டது. ஒரு வேட்டைக்காரர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தார், தாய் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாள். கீர்த்தனைப் புத்தகம் நாய்வண்டியில் ஊர் ஊராகப் பயணம் செய்தது. மதம் பழைய பாட்டுகளையும் மேளத்தையும் பல இடங்களில் அடக்கியது என்பதும் உண்மை. அந்தக் கணக்கை இனுயிட் மக்களே இன்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்றாலும் அவர்கள் கையில் நின்றது அந்த எழுத்து. கனாங்கினாக் தம் படங்களின் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புகள் எல்லாம், ஜெபப் புத்தகத்தோடு வந்த அதே எழுத்தில்தான் இருக்கின்றன. முழு பைபிளும் இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழியில் 2012இல் வந்தது. மொழிபெயர்த்தவர்கள் இனுயிட் போதகர்கள். முப்பது ஆண்டுக்கு மேல் பிடித்த வேலை.

எனவே ஒட்டாவாவில் ஒரு நோயாளி தன் மொழியில் ஒரு பாட்டைக் கேட்கிறார் என்றால், கடவுளை மட்டும் அவர் தேடவில்லை. தன் சொல்லுக்குப் பதில் சொல்லும் குரலையும் தேடுகிறார். வடக்குக்கு வெளியே இனுயிட் மக்கள் மிக அதிகமாக வாழும் நகரம் ஒட்டாவா. அங்கே வானியர் பகுதியில் செயின்ட் மார்கரெட் ஆலயத்தில் இனுக்டிடுட் மொழியிலேயே ஆராதனை நடக்கிறது. பாஃபின் பகுதி நோயாளிகள் தங்க ‘லார்கா பாஃபின்’ என்ற விடுதி இருக்கிறது. ஊரிலிருந்து வருகிறவர்கள் பெட்டிக்குள் உறைந்த ஆற்றுமீனும் கேரிபூ இறைச்சியும் வைத்துக் கொண்டுவருகிறார்கள். கீமோவில் நாக்கு செத்துப்போன கிழவருக்கு மருத்துவமனை சாண்ட்விச் இறங்காது. உறைந்த மீனைச் சீவிக் கொடுத்தால் ஒரு துண்டாவது இறங்கும். நோயாளிக்கு எடை குறையக் கூடாது என்று புற்றுநோய் மருத்துவர்கள் படித்துப் படித்துச் சொல்கிறார்களே, அந்தக் கணக்கில் இந்தத் துண்டு மீனும் மருந்துதான்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜெபம் கட்டியைக் கரைத்தது என்று சொல்ல இங்கே யாரும் வரவில்லை. இனுயிட் மக்களிடையே நுரையீரல் புற்று, உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. முதல் காரணம், அந்தக் கடையில் வாங்கிய புகையிலை. நோய் முற்றிய பிறகே கண்டுபிடிக்கப்படுவது இன்னொன்று. ஸ்கேன் எடுக்கவே விமானம் ஏறவேண்டிய ஊரில் இருமல் முதலில் வெறும் இருமலாகத்தான் தெரியும். இதற்கெல்லாம் பதில் புகையிலை ஒழிப்பும் பரிசோதனைக் கருவியும்தான். குடும்பமும் கோயிலும் செய்வது வேறு வேலை: ஆறு வார சிகிச்சையில் இரண்டாம் வாரமே ‘போதும், ஊருக்கு அனுப்பிவிடு’ என்று சொல்லத் துடிக்கிறவரை மூன்றாம் வாரத்துக்கு நகர்த்துவது. தொடங்கிய சிகிச்சை முடிந்தால்தானே மருந்தின் வலிமை தெரியும்?

கனாங்கினாக் ஊர் திரும்பவில்லை. அறுவைக்குப் பிறகு உடல் தேறாமல், 2010 நவம்பர் 23 அன்று ஒட்டாவாவிலேயே இறந்தார். வயது 75. ஏழு ஆண்டு கழித்து, 2017 வெனிஸ் பியன்னாலே கலைவிழாவின் மையக் கண்காட்சியில் அவர் ஓவியங்கள் இடம்பெற்றன. அந்த இடத்துக்குப் போன முதல் இனுயிட் கலைஞர் அவர். கனடாவின் தலைமை ஆளுநர் மாளிகைத் தோட்டத்தில் அவர் அடுக்கிய கல் உருவம் ஒன்று நிற்கிறது. கிங்கைட்டில் கட்டி, பிரித்து, அனுப்பி, 1997இல் ஒட்டாவாவில் மறுபடி கட்டினார்.

புகழைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் ஒரு காரியம் பாக்கி. இன்று நோயாளியோடு துணைக்கு ஒருவர் போக அரசு பணம் தருகிறது; எல்லோருக்கும் அல்ல, நிபந்தனை உண்டு, அனுமதி வேண்டும். முதியவர், மொழி தெரியாதவர், தானாக எழுந்து நடக்க முடியாதவர் என்றால் பொதுவாகக் கிடைக்கும். கிடைத்தாலும் பொதுவாக ஒரே ஒருவருக்கு. யார் போவது? ஐம்பது ஆண்டாக உடுப்புத் தைத்துக் கொடுத்த மனைவிக்கு ஆங்கிலம் வராது. ஆங்கிலம் தெரிந்த பேரன் போனால் மருத்துவர் சொல்வதைப் பெயர்த்துச் சொல்லலாம். ஆனால் தாத்தாவுக்குப் புற்று பரவிவிட்டது என்பதைப் பத்தொன்பது வயதுப் பையன் தன் வாயால் சொல்லவேண்டிவரும். மனைவி துணையாகவும், தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் மருத்துவமனையிலும் இருக்கவேண்டும் என்பதுதான் சரி. இரண்டாவது ஆளின் விமானக் கட்டணம் பெரிய தொகைதான். கதிர்வீச்சை நடுவில் விட்டுவிட்டு ஊர் திரும்பி, நோய் முற்றி, அவசர விமானத்தில் மறுபடி தெற்கே வருகிற கட்டணத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு பெரியது என்று அரசு சொல்லட்டும்.