காலம் மூடி வைக்கும், கதைதான் ஆற்றும்!

(பட்டிமன்றத் தலைப்பு: பிள்ளைகளின் துக்கத்தைப் பெரிதும் ஆற்றுவது காலமா? கதையா? ‘கதையே’ என்ற அணியில் பேசியது.)

எனக்கு முன்னால் பேசி அரங்கத்தைக் கலகலக்க வைத்துவிட்டு, இப்போது ஒன்றும் தெரியாதவர் மாதிரி தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி அண்ணன் அவர்களே! (சிரிப்பு)

அண்ணன் என்ன சொன்னார்? “பிள்ளை மனசு பச்சை மண்ணுங்க. நாலு நாள் அழும், அஞ்சாம் நாள் மறந்துடும். காலம்தான் மருந்து”ன்னு சொன்னார். ஐயா, நான் அண்ணனைக் கேட்கிறேன். போன தீபாவளிக்கு மச்சான் வீட்டிலிருந்து வேட்டி வரலைன்னு இன்னிக்கு வரைக்கும் அந்த வீட்டு வாசப்படியை மிதிக்கலையாமே நீங்க? (சிரிப்பு) ஒரு வேட்டியையே உங்களால மறக்க முடியலை. உயிர்த் தோழனைப் பறிகொடுத்த பிள்ளை அஞ்சாம் நாள் மறந்துடணுமா? (கைதட்டல்)

நான் ஒரு பையனின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். குவாமே எம்பாலியா என்று ஒரு கறுப்பின அமெரிக்க எழுத்தாளர். 2019-இல் சிறுவர்களுக்காக ஒரு நாவல் எழுதினார். 2021-க்குள் மூன்று பாகம் வந்தது. முதல் பாகம் 2020-இல் கொரெட்டா ஸ்காட் கிங் விருதுக் குழுவின் சிறப்புப் பாராட்டையும் பெற்றது.

கதாநாயகன் ட்ரிஸ்டன் ஸ்ட்ராங். சிகாகோ நகரத்துப் பையன், ஏழாம் வகுப்பு. அவனுக்கு எடி என்று ஓர் உயிர் நண்பன். பள்ளிப் பேருந்து விபத்திலே எடி இறந்துபோகிறான். பக்கத்திலே இருந்த ட்ரிஸ்டன் பிழைத்துக்கொள்கிறான். “நான் இருந்தேனே, காப்பாத்த முடியலையே”. அதுதான் ஐயா அந்தப் பிள்ளையின் நெஞ்சிலே தைத்த முள்.

அவன் அப்பாவும் தாத்தாவும் குத்துச்சண்டை வீரர்கள். பெயரிலேயே ‘ஸ்ட்ராங்’ இருக்கிறது பாருங்க! இவனும் கையுறை மாட்டிக்கொண்டு மேடை ஏற வேண்டும் என்பது அவர்கள் ஆசை. வீட்டிலே என்ன செய்கிறார்கள்? நம்ம அண்ணன் சொன்ன வைத்தியத்தைத்தான் செய்கிறார்கள்! அலபாமாவில் தாத்தா பாட்டியின் பண்ணைக்கு அனுப்பிவைக்கிறார்கள். இடம் மாறட்டும், நாள் போகட்டும், சரியாகிவிடும். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லலை.

ஆனா என்ன ஆச்சு? எடி கதைகளைச் சேர்த்து எழுதிவைத்த ஒரு குறிப்பேடு ட்ரிஸ்டனிடம் இருக்கிறது. ராத்திரியிலே ஒரு சின்னப் பிசின் பொம்மை வந்து அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. தோழன் விட்டுப்போன ஒரே பொருள்! பையன் சும்மா இருப்பானா? துரத்துகிறான். அங்கே ஒரு மரம். கிளையெல்லாம் கண்ணாடிப் பாட்டில்கள். கெட்ட ஆவிகளைப் பாட்டிலுக்குள் அடைப்பதற்காக மரத்தில் இப்படி மாட்டிவைக்கிற நம்பிக்கை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் உண்டு. ட்ரிஸ்டன் ஆத்திரத்தில் அந்த மரத்தை ஓங்கி ஒரு குத்து விடுகிறான். அவ்வளவுதான், இன்னோர் உலகத்துக்குள் போய் விழுகிறான். கறுப்பின மக்களின் நாட்டுக் கதைகளில் வருகிறவர்களெல்லாம் உயிரோடு நடமாடுகிற உலகம். அங்கேதான் அவனுக்கு ஓர் அபூர்வ சக்தி கிடைக்கிறது.

“என்ன சக்தி? பறப்பானா? மலையைத் தூக்குவானா?”ன்னு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தம்பி கேட்கிறான். (சிரிப்பு) அதெல்லாம் இல்லைப்பா. அவன் கதை சொன்னால் அந்தக் கதைக்கு உயிர் வரும். அவ்வளவுதான். அந்தச் சக்தி உள்ளவனுக்குப் பெயர் ‘அனான்செசெம்’. அப்பாவும் தாத்தாவும் முஷ்டியைக் கொடுத்தார்கள். அவனைத் தூக்கி நிறுத்தியது நாக்கு! (கைதட்டல்)

அது என்ன அனான்செசெம்? மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றைக்கு கானா என்று சொல்கிற நாட்டிலே அக்கான் மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் அசாந்தி என்று ஒரு பிரிவு. அவர்கள் மொழியில் அனான்சே என்றால் சிலந்தி. அனான்செசெம் என்றால் சிலந்திக் கதைகள். நாட்டுக் கதைகளுக்கே அங்கே அதுதான் பெயர். ஏன் சிலந்தியின் பெயர் வந்தது? அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

ஆதியிலே கதைகளெல்லாம் வானத்துக் கடவுள் நியாமேயிடம் இருந்தன. அனான்சி போய், “கதைகளை எனக்குக் கொடுங்க”ன்னு கேட்கிறது. கடவுள் சிரிக்கிறார். “பெரிய பெரிய ஊர்க்காரங்களே வாங்க முடியாம போனாங்க, நீ ஒரு சிலந்தி! மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக் கூட்டம், கண்ணுக்குத் தெரியாத குட்டித் தேவதை, இவ்வளவையும் உயிரோட பிடிச்சிட்டு வா”ங்கிறார்.

சிலந்தி நேரே எங்கே போச்சு? வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டியிடம் யோசனை கேட்டது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) எதிரணி அண்ணன் கவனிக்கணும். அந்த அம்மா பெயர் அசோ. “ஒரு பனைக் கிளையை வெட்டு, கொடியை எடு”ன்னு சொல்றாங்க. மலைப்பாம்பு கேட்கிற மாதிரி புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுறாங்க: “பாம்பு நீளமா? கிளை நீளமா?” பாம்புக்குப் பெருமை தாங்கலை. “அளந்து பாரேன்”னு தானே வந்து கிளையோரமா நீட்டிப் படுத்தது. கட்டியாச்சு! சுரைக்குடுக்கைத் தண்ணீரைக் குளவிக் கூட்டின் மேலே தெளித்து, “மழை வருது, இந்தக் குடுக்கைக்குள்ள ஒதுங்கிக்குங்க”ன்னு சொல்லி மூடியாச்சு. சிறுத்தையைக் குழியிலே விழவைத்தாச்சு. தேவதைக்கு ஒரு மரப் பொம்மை செய்து, உடம்பெல்லாம் பிசினைப் பூசி, கையிலே கிழங்கு மசியலை வைத்தாச்சு. அது பொம்மையோடு பேசுது, பதில் இல்லை. கோபத்திலே அடிக்குது, கை ஒட்டிக்கிச்சு. ட்ரிஸ்டனின் குறிப்பேட்டைத் திருடியதே பிசின் பொம்மை, அதன் பாட்டிக்குப் பாட்டி இவள்தான்! (சிரிப்பு)

கடவுள் எல்லாக் கதையையும் சிலந்திக்கே கொடுத்துவிட்டார். உடல் பலமில்லாத ஒரு பூச்சி, புத்தியால் கதைகளை பூமிக்குக் கொண்டுவந்தது.

இதைச் சும்மா சிரிக்க வைக்கவா சொன்னேன்? இல்லை ஐயா. 16-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றினார்கள் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் கரையைப் பார்க்காமலே செத்தவர்கள் 15 லட்சத்துக்கும் மேலே. தாயைப் பிரிந்த பிள்ளை, பிள்ளையைப் பிரிந்த தாய். காலில் விலங்கு. ஊர் போச்சு, பெயர் போச்சு, மொழி போச்சு. அவர்களிடம் பறிக்க முடியாமல் போனது கதை ஒன்றுதான். கப்பலில் சிலந்தியும் கூடவே போனது. ஜமைக்காவில் இறங்கியது, சூரினாமில் இறங்கியது.

அண்ணன் இதைக் கேட்கணும். ஜமைக்காவில் ஒருவர் இறந்தால் ‘ஒன்பது இரவு’ என்று ஒரு வழக்கம் உண்டு. உறவும் ஊரும் துக்க வீட்டில் கூடி ராத்திரி கண் விழிப்பார்கள். அந்தத் துக்க வீட்டிலே பாட்டு உண்டு, விடுகதை உண்டு, அனான்சி கதையும் உண்டு! சூரினாமிலும் துக்க வீட்டில் சிலந்திக் கதை சொல்லியிருக்கிறார்கள். அழுதுகொண்டிருக்கிற வீட்டிலே சிலந்தி கதையான்னு கேட்கலாம். எல்லாவற்றையும் இழந்த ஒரு ஜனம் கண்டுபிடித்த மருந்து ஐயா அது!

எம்பாலியா தன் நாவலில் இதைத்தான் கொண்டுவந்து வைக்கிறார். ட்ரிஸ்டன் போய் விழுகிற இடத்திலே தீப்பிடித்த கடல், எலும்புக் கப்பல்கள், விலங்குச் சங்கிலியே பூதமாக வந்து ஆளைப் பிடிக்கிறது. ஒரு சிறுவனின் துக்கமும் ஓர் இனத்தின் துக்கமும் ஒரே கடலிலே கலக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஆயுதம், நடந்ததை வாய் திறந்து சொல்வது.

“கதையிலே எடி திரும்பி வந்தானா?” என்று அண்ணன் கேட்பார். செத்தவனை மீட்டுக் கொடுக்கிற கதை இல்லை இது. மனசைத் திறந்து பேசவைக்கிற கதை. அக்கான் மக்களிடம் சங்கோஃபா என்று ஒரு சின்னம் உண்டு. ஒரு பறவை. கால் முன்னோக்கி நிற்கிறது, கழுத்து மட்டும் பின்னால் திரும்பியிருக்கிறது. விட்டுவந்ததைப் போய் எடுத்துக்கொள், தப்பில்லை என்று அதற்கு அர்த்தம். எதிரணி “திரும்பிப் பார்க்காதே, நட”ங்கிறது. அந்தப் பறவை “திரும்பிப் பார்த்துக்கிட்டே நட”ங்கிறது. (கைதட்டல்)

ஐயா, மணி அடிக்கப் போறீங்க. என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். என் அக்கா மகன், பதினோரு வயசு. கூடப் படித்த பையன் காய்ச்சலில் போய்விட்டான். அவனிடம் கடன் வாங்கிய ஜாமெட்ரி பாக்ஸ் இவன் பையிலேயே இருந்தது. “அதைப் பார்த்தா அழுவான்”னு எங்க அக்கா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். வீட்டில் அந்தப் பையன் பெயரையே யாரும் எடுக்கலை. ஆறு மாசம். அண்ணன் சொன்ன காலம் நல்லாத்தான் ஓடியது. பையன் சிரிக்கலை, சரியாச் சாப்பிடலை.

ஒருநாள் நான் போயிருந்தேன். இந்த ட்ரிஸ்டன் கதையைச் சொன்னேன். குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய இடம் வந்ததும் என் கையைப் பிடிச்சான். “சித்தி, என்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. அம்மா எடுத்து வச்சுட்டாங்க.” அக்காவிடம் சாவியை வாங்கித் திறந்தேன். பாக்ஸுக்குள்ளே உடைந்த காம்பஸ். “இது எப்படிடா உடைஞ்சுது?”ன்னுதான் கேட்டேன். பெஞ்சிலே பெயர் செதுக்கினது, வாத்தியாரிடம் இரண்டு பேரும் மாட்டினது, ஒருத்தனை ஒருத்தன் காட்டிக் கொடுக்காமல் அடி வாங்கினது, எல்லாம் வந்தது. நடுவிலே சிரிச்சான். முடிக்கும்போது அழுதான். எங்க அக்கா வாசப்படியிலே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி, “அம்மா, சாதம் போடு”ன்னு அவனே கேட்டான். (கைதட்டல்)

காலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புண் ஆற நாளாகும். ஆனால் முள்ளை உள்ளே வைத்துக்கொண்டு மேலே களிம்பு தடவினால் சீழ்தான் பிடிக்கும். முள்ளை எடுப்பது கதை, அதற்குப் பிறகு ஆற்றுவது காலம். முதல் வேலை யாருடையது என்று நடுவர் ஐயாவுக்குத் தெரியும்.

இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே, உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு பெட்டி பூட்டியிருந்தால் இன்றைக்கு ராத்திரி திறந்துவிடுங்கள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, “அவன் எப்படிப்பட்டவன், சொல்லு”ன்னு கேளுங்கள். மீதியைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

பிள்ளைகளின் துக்கத்தைப் பெரிதும் ஆற்றுவது கதையே, கதையே என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள் என நடுவர் ஐயாவை வேண்டுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)