கடனும் சட்டமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடனைப் பற்றிப் பேச எமக்கு என்ன தகுதியுண்டு என்று சிலர் கேட்கலாம். நாம் கடன் கொடுத்தவருமல்லர், கொண்டவருமல்லர். ஆயினும், மிஷன் பள்ளியிற் கற்ற ஆங்கிலத்தின் பயனாக, சென்ற ஆண்டு எம்மூர்த் தாயார் ஒருவர் எம்மிடம் ஒரு பத்திரத்தைத் தந்து, "தம்பி, இதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்கா வாசி மோனை" என்றார். வாசித்தோம். ஆனால் அதற்கு முன்னரே அவர் தொகை எழுதாத புறோநோட்டொன்றில் ஒப்பமிட்டுவிட்டார். அன்று தொட்டு இவ்விடயத்தை ஆராயத் தலைப்பட்டோம்.

கடன் எமக்குப் புதியதன்று. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை ஒற்றியைப் பற்றிக் கூறுகின்றது. ஒற்றியிலே காணியின் விளைவே வட்டிக்கு ஈடாகும். கொடுத்தவரும் கொண்டவரும் நாளைக்குக் கோயில் வீதியில் முகம் பார்க்க வேண்டியவர்கள். அந்த வெட்கமே பாதிச் சட்டமாக இருந்தது.

2009இல் போர் முடிந்தபின் வடக்கிற் பரவிய நுண்கடன் வேறு வகையினது. அதற்குக் காணியும் வேண்டாம், நகையும் வேண்டாம்; அயலவளின் பிணை போதும். ஒருத்தி தவணை தவறினால் குழுவிலுள்ள மற்றையோர் இறுக்க வேண்டும்.

கணக்கைச் சற்றுப் பாருங்கள். 50,000 ரூபாவுக்கு 20 வீத வட்டி. 52 கிழமைகளில் 60,000 ரூபா கட்ட வேண்டும். கிழமைதோறும் முதல் குறைந்துகொண்டே போக, வட்டியோ முழு முதலுக்கும் அறவிடப்படுகின்றது. உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 37 வீதமாகும்!

சட்டம் என்ன செய்தது? 1918ஆம் ஆண்டின் காசு கடன்கொடுத்தற் கட்டளைச் சட்டம், மிகக் கொடிய நிபந்தனையுள்ள கடனை மீள ஆராய நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது. புறோநோட்டிலே உண்மையிற் கொடுத்த முதல், முன்கூட்டிக் கழித்த தொகை, வட்டி வீதம் ஆகிய மூன்றும் தனித்தனியே எழுதப்பட வேண்டும் என்றது. தொகையை வெறுமையாக விட்டு நோட்டு வாங்குதல் குற்றமென்றும் கூறிற்று. அந்தத் தாயாருக்கு இது தெரியாது, எமக்குந்தான் தெரிந்திருக்கவில்லை.

2016ஆம் ஆண்டின் நுண்நிதியளிப்புச் சட்டம் உத்தரவுப் பத்திரம் வழங்கும் பொறுப்பை மத்திய வங்கியின் நாணயச் சபைக்குக் கொடுத்தது. ஆனால் அது பெரிதும் வைப்புப் பணம் பெறும் கம்பனிகளையே நோக்கியது. கடன் மட்டும் கொடுப்போர் பலர் அதன் வேலிக்கு வெளியே நின்றனர். 2018இல், வரட்சியுற்ற மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபா வரையான, தவணை தவறிய நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. அது மருந்து, நோய் வராமற் காக்கும் வேலியன்று.

கடன் கொடுப்போர் பக்கமும் நியாயமுண்டு. கிழமைதோறும் வீடு வீடாகச் செல்லச் செலவாகும். சிலர் கட்டாமலும் விடுவர். வட்டியை அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்தினால், நேர்மையானவர் விலக, நோட்டே எழுதாத வட்டிக்காரர் வருவர். ஆகவே ஒளிவற்ற கணக்கே இருசாராருக்கும் காவல். 1911இல் இலங்கையிற் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் வந்ததும், உறுப்பினரின் சேமிப்பையே உறுப்பினருக்கு உதவச் செய்வதற்கன்றோ?

தோழர்களே! மேடையிற் பேசிப் போவதால் ஒருவர் கடனும் தீராது. ஞாயிறுதோறும் மாலையில் நம்மில் இருவர் வாசிகசாலையில் இருந்து, கொண்டுவரும் பத்திரங்களை ஒப்பமிடுமுன் வாசித்துச் சொல்வோமாக. கற்ற கல்விக்கு நாம் இறுக்க வேண்டிய கடன் அதுவே.