அந்தத் தண்ணி எங்கே போகும்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பாலம், அணைக்கட்டுன்னு ஏதாவது பெரிசாப் பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொன்னார். நான் பேசப்போவது சமையலறை சிங்க்கைப் பற்றி. சிரிக்கிறீர்கள். எங்க அம்மாவின் வலது மணிக்கட்டு உடைந்ததற்கு ஒரு சிங்க்தான் காரணம். அதற்கு இடம் குறித்தவன் இந்தக் கல்லூரியில் சிவில் படித்த நான்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி. 2019 நவம்பர் 26-ல் தனி மாவட்டம் ஆனதற்குப் பிறகு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் இடிக்கிற சத்தம். நாமும் அம்மாவுக்கு நல்லதா ஒரு அடுப்படி கட்டித் தருவோம் என்று 2021-ல் இறங்கினேன். பழைய வீடு. அடுப்படிக்கு மேற்கே ஒரு தாழ்வாரம், அதைத் தாண்டினால் புழக்கடை. அம்மா அந்தப் பின்வாசல் ஓரம் உட்கார்ந்துதான் ஏனம் கழுவுவார். வடிகஞ்சியும் கழுநீரும் மாட்டுத் தொட்டிக்குப் போகும். மாட்டை விற்ற பிறகு கழுநீர் மட்டும் மிச்சம்!

இனி நின்றுகொண்டே கழுவட்டும் என்று வரைபடம் போட்டேன். புத்தகத்தில் 'வேலை முக்கோணம்' என்று ஒன்று வரும். அடுப்பு, சிங்க், குளிர்பதனப் பெட்டி மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் மொத்தம் 13 முதல் 26 அடிக்குள் இருக்கவேண்டும். 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான கணக்கு. அதற்கும் முன்னால், 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர், அடி அடியாக அளந்து 'பிராங்க்பர்ட் சமையலறை'யை வடிவமைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் அதுதான் பாட்டி. அதைச் செய்யும்வரை தான் சமைத்ததே கிடையாது என்று அந்த அம்மையாரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த விஷயத்தில் நானும் அவர் கட்சி.

முக்கோணம் வடகிழக்கு மூலையைக் காட்டியது. வாஸ்து சொன்ன மேஸ்திரியும் "தண்ணி ஈசானியத்துல, நெருப்பு அக்னி மூலையில" என்றார். கிழக்கு ஜன்னல் வேறு, காலை வெளிச்சம் வரும். விஞ்ஞானமும் சாஸ்திரமும் ஒத்துப்போகிற அதிசயம் கிடைத்ததே என்று அங்கேயே வைத்துவிட்டேன். அம்மாவை மட்டும் கேட்கவில்லை.

தம்பிகளே, இந்தக் கணக்கைக் கவனியுங்கள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் மனை. அங்கே கழிவுநீர் விட முடியாது. குழாய் அடுப்படிக்குள் 12 அடி, தாழ்வாரத்தில் 6 அடி, ஆக 18 அடி தரைக்கு அடியில் ஓடிப் பின்னால் இருக்கும் சேம்பரில் விழவேண்டும். 40-க்கு 1 சரிவு என்றால் சுமார் ஐந்தரை அங்குலம் இறக்கம் வேண்டும். சேம்பர் மட்டம் பழையது. எனக்குக் கிடைத்தது இரண்டே அங்குலம், அதாவது 108-க்கு 1. "போதும் சார், தண்ணிதானே, ஓடிடும்" என்றார் பிளம்பர். நானும் தலையாட்டினேன். தேர்வில் எழுதியிருந்தால் மார்க் போயிருக்கும்.

பெரிய குழாயாகப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். சரிவு இல்லாத இடத்தில் குழாயைப் பெரிதாக்கினால் தண்ணீர் பரந்து ஆழம் குறைந்துபோகும். கசடை இழுத்துக்கொண்டு போகாது, அங்கங்கே தரை தட்டும். கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு, புளிச் சக்கை எல்லாம் சேர்ந்து ஆறே மாதத்தில் அடைப்பு. கழுவின தண்ணீர் சிங்க்கிலேயே ஏறி நின்றது.

அம்மா எனக்குச் சொல்லவே இல்லை. நான் வேலை பார்ப்பது வெளியூரில். போனில் கேட்டால் "நல்லாத்தான்டா இருக்கு" என்பார். புள்ள படிச்சிட்டுக் கட்டினது, அதில் குறை சொல்வதா என்று, ராத்திரியில் சொம்பால் மொண்டு மொண்டு பின்பக்கம் ஊற்றியிருக்கிறார். அப்படிப் போகும்போதுதான் ஈர டைல்ஸில் வழுக்கிவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்த நாட்களில்தான் என் வாழ்க்கையில் முதல் முறையாக மூன்று வேளை ஏனம் கழுவினேன். அடைப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். மேடை எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது! ஏன் என்று அப்புறம்தான் உறைத்தது. 34 அங்குல உயரம். நான் ஐந்தடி ஒன்பது அங்குலம், அம்மா நாலடி பத்து. என் உடம்புக்கு ஒரு சிங்க் கட்டி, அதை அவர் தலையில் கட்டியிருக்கிறேன். பெரிய குண்டானைத் தூக்கி அதில் கவிழ்க்க அவர் தோள் எவ்வளவு உயரவேண்டும் பாருங்கள்.

கட்டுப் பிரித்த மாதம், விடுதியில் என் அறையில் இருந்த நண்பன் கூப்பிட்டான். கல்வராயன் மலையில் அவன் வீடு. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக வெள்ளிமலைக்கு ஏறினால் இன்னும் கொஞ்ச தூரம். அங்கேயும் அடுப்படியைத் திருத்தவேண்டுமாம். டேப்பை எடுத்து நான் அளக்க ஆரம்பிக்க, அவன் ஆயா வாசற்படியில் உட்கார்ந்தபடி கேட்டார்:

"ஏந் தம்பி, அதுல கழுவுற தண்ணி எங்க போவும்?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே மேட்டையும் பள்ளத்தையும் கையால் காட்டினார். மழைத்தண்ணி இப்படித்தான் இறங்கும், அங்கே வாழை இருக்கு, பக்கத்துல அவரைப்பந்தல் இருக்கு, அந்தச் சுவரோரம் வச்சா நாலடி குழாய் போதாதா என்றார். மட்டக்கருவி வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. நான் தண்ணீர் வரும் இடத்திலிருந்து யோசித்தேன், ஆயா தண்ணீர் போகும் இடத்திலிருந்து யோசித்தார். சரிவான நிலத்தில் குடியிருப்பவர்களுக்கு இது தெரியாமல் காலம் தள்ள முடியாது. கீழே சமதரையில் இருக்கும் நாம் மறந்துவிடுகிறோம்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவை வெறும் தரையில் நிற்கவைத்து, கையைத் தளர்த்தித் தொங்கவிடச் சொல்லி, விரல் நுனி எங்கே வருகிறது என்று அளந்தேன். சிங்க்கின் அடிப்பாகம் அதற்கு மேலேதான் இருக்கவேண்டும், இல்லையென்றால் குனியவேண்டும். விளிம்பு தோளை உயர்த்தவும் வைக்கக்கூடாது. இரண்டுக்கும் நடுவே 30 அங்குலத்தில் நின்றது. மேற்குச் சுவரில், பின்வாசலை ஒட்டி வைத்தோம். புழக்கடையில் ஒரு புது சேம்பர், அதுவரை நாலடி குழாய், நாலு அங்குல இறக்கம். அடுப்பிலிருந்து இரண்டு எட்டு அதிகம் நடக்கவேண்டும். முக்கோணம் கோணிக்கொண்டது. "நடந்தா என்ன, கால்தானே" என்றார் அம்மா. பெரிய குண்டான்களுக்கு வெளியே பழைய துணி துவைக்கும் கல்லும் ஒரு குழாயும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தக் கல்லை நான் முதல் தடவை பெயர்த்துப் போட்டிருந்தேன்.

வடகிழக்கு மூலையில் கிரானைட்டை வெட்டிய ஓட்டை அப்படியே இருந்தது. அதை ஒரு கடப்பைக் கல்லால் மூடி, அம்மா அதன்மேல் குடிதண்ணீர்ப் பானையை வைத்துக்கொண்டார். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "பாத்தீங்களா சார், தண்ணி ஈசானியத்துக்கே வந்துடுச்சு" என்று சந்தோஷமாகப் போனார்.