தலாக்கிற்குப் பின்னும் பிள்ளை இருவருக்கும் பிள்ளையே

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி மேருவில் நடைபெற்ற குடும்ப ஒன்றுகூடலில், குடும்ப நலக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழா மேடையில் மணவிலக்கைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். இந்த ஐம்பது ஆண்டுகளில் நம் சங்கத்துப் பெரியவர்கள் எத்தனையோ நிக்காஹ்களை முன்னின்று நடத்தியிருக்கிறார்கள். மாப்பிள்ளை பார்த்தோம், மஹர் பேசினோம், சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். அப்படிச் சேர்த்து வைத்த குடும்பம் ஒன்று பிரிய நேர்ந்தால், அங்கேயும் நமக்கு ஒரு பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பு முதலில் பிள்ளைகளுக்கானது.

நாங்கள் இன்று வலியுறுத்த வந்தது ஒரே ஒரு செய்தி. பிள்ளை யாரிடம் வளரும், அதன் செலவை யார் எவ்வளவு தருவார் என்பதை வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். ஷரியா நீதிமன்ற ஆணையாக எழுதி வாங்குங்கள். ஏன் என்பதை விளக்குகிறோம்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஹதானா என்பது பிள்ளையை வைத்துப் பராமரித்து வளர்க்கும் உரிமை. நஃபகா என்பது பிள்ளைக்கான செலவு. இவை இரண்டும் வேறு வேறு. பிள்ளை தாயிடம் இருந்தாலும் செலவு தந்தையுடையது. சிலாங்கூர் மாநில இஸ்லாமியக் குடும்பச் சட்டம் 2003, தன் 73ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. பிள்ளை தன் பராமரிப்பில் இருந்தாலும் வேறு ஒருவர் பராமரிப்பில் இருந்தாலும், தங்குமிடம், உடை, உணவு, மருத்துவம், கல்வி ஆகியவற்றைத் தன் வசதிக்கும் நிலைக்கும் தக்கபடி தர வேண்டியது தந்தையின் கடமை. பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை இது தொடரும். மேற்கல்விக்காக அதற்கு மேலும் நீட்டித்துத் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

இது நமக்குப் புதிய செய்தி அல்ல. சூரத்துல் பகராவின் 233ஆம் வசனம் பாலூட்டும் தாய்க்கான உணவையும் உடையையும் தந்தையின் மீது சுமத்துகிறது. பிள்ளையைக் காரணமாக்கித் தாயையோ தந்தையையோ துன்புறுத்தக் கூடாது என்றும் அதே வசனம் தடுக்கிறது. கணவர் போதிய செலவு தருவதில்லை என்று ஹிந்த் பின்த் உத்பா முறையிட்டபோது, தனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் அவர் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அனுமதித்த செய்தியை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம்.

இனி ஹதானா. சட்டத்தின் வரிசையில் முதல் உரிமை தாய்க்கு. அவருக்கு இயலாவிட்டால் தாயின் தாய்க்கு. அதற்குப் பிறகே தந்தை. ஆண் பிள்ளைக்கு 7 வயது, பெண் பிள்ளைக்கு 9 வயது வரை இந்த உரிமை செல்லும். தாய் விண்ணப்பித்தால் முறையே 9, 11 வயது வரை நீதிமன்றம் நீட்டிக்கலாம். அந்த வயது கடந்தபின் உரிமை தந்தைக்குப் போகும். ஆனாலும் நல்லது கெட்டது பிரித்தறியும் பருவத்தை, அதாவது மும்மய்யிஸ் நிலையை, எட்டிய பிள்ளை யாருடன் வாழ்வது என்று தானே தேர்ந்துகொள்ளலாம். நீதிமன்றம் வேறு விதமாக ஆணையிட்டால் மட்டுமே அது மாறும். எல்லாவற்றிலும் நீதிபதி முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனைத்தான்.

இங்கே இரண்டு தவறான பேச்சுகள் நம் வீடுகளில் உலவுகின்றன. ஒன்று, தாய் மறுமணம் செய்தால் பிள்ளை உடனே கைமாறிவிடும் என்பது. பிள்ளைக்கு மஹ்ரம் அல்லாத ஒருவரை அவர் மணந்து, அந்த நிலையில் அவரிடம் இருப்பது பிள்ளையின் நலனைப் பாதிக்கும் என்றால்தான் உரிமை போகும் என்று சட்டம் நிபந்தனை வைத்திருக்கிறது. மற்றொன்று, பிள்ளை தாயிடம் போனால் தந்தை அந்நியராகிவிடுவார் என்பது. அவரே பிள்ளையின் வலீ. மகளின் நிக்காஹ்வுக்கும் அவரே வலீ. பிள்ளையைப் பார்க்கவும் அழைத்துச் செல்லவும் உரிய நேரத்தை நீதிமன்றம் ஆணையிலேயே எழுதித் தரும்.

பக்கத்து வீட்டு இந்து, கிறிஸ்துவ நண்பர்கள் சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் கவனம் தேவை. அவர்களுக்கு 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டமும் சிவில் உயர் நீதிமன்றமும். அங்கே 7 வயதுக்குக் குறைந்த பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானத்தோடு வழக்கு தொடங்கும். நோக்கம் ஒன்றுபோல இருந்தாலும் வழியும் வாசலும் வேறு.

சகோதரர்களே, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

குடும்பம் பிரியும்போது நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரு வீட்டுப் பெரியவர்களும் கூடத்தில் உட்காருவார்கள். மாமா ஒரு வார்த்தை சொல்வார், பெரியத்தா ஒரு வார்த்தை சொல்வார். "மாதம் இவ்வளவு கொடுத்துவிடப்பா" என்பார்கள். பையனும் தலையாட்டுவான். மானம் காப்பாற்றப்பட்டது என்று எல்லோரும் எழுந்து போவார்கள். நோக்கம் நல்லது, சந்தேகமில்லை. ஆனால் முதல் ஆறு மாதம் வந்த பணம் பிறகு பாதியாகும். பையன் மறுமணம் செய்வான், கடை மாறுவான், கைப்பேசி எண்ணும் மாறும். அப்போது அந்தத் தாயின் கையில் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்காது.

இதில் ஒரு ஃபிக்ஹு நுட்பமும் இருக்கிறது. மனைவியின் நஃபகா தரப்படாமல் போனால் அது கணவன் மேல் கடனாக நிற்கும். பிள்ளையின் நஃபகா அப்படி அல்ல. நாட்கள் கடந்தால் அது கடனாக நிற்காது என்றும், காழி விதித்தாலோ கடன் வாங்கிச் செலவிட அனுமதித்தாலோதான் கடனாகும் என்றும் ஷாஃபி மத்ஹபு நூல்கள் விளக்குகின்றன. ஆணை இல்லாமல் கழிந்த மாதங்களைப் பின்னால் கேட்டு வாங்குவது கடினம் என்பதே இதன் பொருள். ஆணை கையில் இருந்தால் ஒவ்வொரு மாதப் பாக்கியும் வசூலிக்கத்தக்க கடன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிள்ளைக்கு மாதம் 300 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 வயதிலிருந்து 18 வயது வரை 12 ஆண்டுகள், 144 மாதங்கள். மொத்தம் 43,200 வெள்ளி. இரண்டு பிள்ளைகள் என்றால் 86,400. இவ்வளவு பெரிய தொகைக்கு நிலம் வாங்கினால் பத்திரம் இல்லாமல் வாங்குவோமா? பிள்ளையின் உரிமைக்கு மட்டும் ஏன் வாய்ப்பேச்சு?

ஆணை வாங்குவது என்றால் வருடக்கணக்கில் சண்டை போடுவது என்று பயப்பட வேண்டாம். சிலாங்கூர் ஷரியா நீதிமன்றங்களில் 2002 முதல் சுல்ஹு மஜ்லிஸ் நடக்கிறது. சுல்ஹு அதிகாரி முன்னால் கணவனும் மனைவியும் நேரில் உட்கார்ந்து பேசுவார்கள். ஒத்துக்கொண்டதை எழுதி நீதிபதியிடம் கொடுத்தால் அதுவே நீதிமன்ற ஆணையாகிவிடும். வீட்டுக் கூடத்தில் நம் பெரியவர்கள் செய்யும் அதே சமரசம்தான், இங்கே அதற்கு முத்திரை கிடைக்கிறது. ஆகவே பெரியவர்களே, கூடத்தில் பேசி முடித்த நாளோடு நின்றுவிடாதீர்கள். அதே பேச்சைக் கிள்ளானில் உள்ள ஷரியா நீதிமன்றத்துக்கும் கொண்டு போங்கள். வழக்கு இழுபறியானால் அதுவரைக்கும் இடைக்கால ஆணை கேட்கலாம்.

தலாக்கையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் வெளியே தலாக் சொல்வது இங்கே குற்றம். சொல்லிவிட்டால் 7 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் தெரிவிக்க வேண்டும். தலாக் பதிவாகாமல் தொங்கினால் இத்தாவும் தொங்கும், பிள்ளையின் விவகாரமும் தொங்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "எனக்கு எதுவும் வேண்டாம், என்னை விட்டால் போதும்" என்று மனம் நொந்து சொல்லத் தோன்றும். மஹரை விடலாம், முத்ஆவை விடலாம், அது உங்கள் பொருள். பிள்ளையின் செலவு உங்கள் பொருள் அல்ல, பிள்ளையின் பொருள். அதை விலையாகக் கொடுத்து விடுதலை வாங்காதீர்கள். அப்படி ஒரு ஒப்பந்தம் எழுதியிருந்தாலும், அதை மாற்றும் அதிகாரத்தைச் சட்டம் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது.

தந்தைமார்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்று செலவை நிறுத்துவதும், செலவு வரவில்லை என்று பிள்ளையைப் பார்க்க விடாமல் செய்வதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். பார்க்க விடவில்லையா, ஆணையோடு நீதிமன்றத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்துவிட்டதா, தொகையைக் குறைக்கும்படி விண்ணப்பியுங்கள், நிலைமை மாறினால் ஆணையும் மாறும். பணத்தைப் பிள்ளையின் தாயின் வங்கிக் கணக்கில் போடுங்கள், கையில் கொடுக்காதீர்கள். கொடுத்ததற்குச் சான்று இருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

நம்மில் பலர் உணவகம், ஜவுளி, நாணய மாற்று என்று சொந்தத் தொழில் செய்பவர்கள். சம்பளச் சீட்டு இருக்காது. வருமானம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொல்வது எளிது. ஆனால் தொழில் பதிவுப் பத்திரம், வங்கிக் கணக்கு அறிக்கை, கடை வாடகை ஒப்பந்தம் ஆகியவை பேசும். தாயும் தன் பக்கத்துக்குப் பிறப்புப் பத்திரம், நிக்காஹ் பத்திரம், பள்ளிச் செலவு, பேருந்துக் கட்டணம், மருந்துச் சீட்டு, மதரஸா கட்டணம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கேட்கும் தொகைக்குக் கணக்கு இருந்தால்தான் நீதிபதி அதை எடைபோட முடியும்.

ஆணை இருந்தும் பணம் வராவிட்டால்? சம்பளத்திலிருந்து பிடித்தம், சொத்துப் பறிமுதல், கடன் தீர்க்காதவருக்கு அழைப்பாணை என்று வழிகள் உண்டு. 2008இல் மலேசிய ஷரியா நீதித்துறையில் குடும்ப ஆதரவுப் பிரிவு என்றே ஒன்று அமைக்கப்பட்டது. நஃபகா ஆணைகளை நிறைவேற்ற உதவுவது அதன் வேலை. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்களுக்கு அரசின் சட்ட உதவித் துறை, ஜபாத்தான் பந்துவான் குவாமான், வருமான வரம்புக்கு உட்பட்டு ஷரியா வழக்குகளையும் எடுத்து நடத்துகிறது.

இன்னொரு செய்தி, தாத்தாமார்களும் சாச்சாமார்களும் காது கொடுக்க வேண்டியது. தந்தை இறந்துவிட்டாலோ, இருக்கும் இடம் தெரியாமல் போனாலோ, தர இயலாதவரானாலோ, ஷரியத்தின்படி கடமைப்பட்ட உறவினர் மீது அந்தப் பொறுப்பு இறங்கும் என்று அதே 73ஆம் பிரிவு கூறுகிறது. பேரப்பிள்ளையின் பள்ளிக் கட்டணம் தாத்தாவின் தயவு மட்டும் அல்ல.

தமிழ்நாட்டிலிருந்து மணம் முடித்து வந்த மருமகள்களை நினைத்துப் பாருங்கள். கணவனின் பொறுப்பில் கிடைத்த தங்கும் அனுமதிதான் அவர்களுக்குப் பிடிமானம். பிள்ளைகள் மலேசியக் குடிமக்கள், தாய் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர். நீதிமன்றம் நடப்பது மலாயில், அவர்களுக்குத் தெரிந்தது தமிழ். இந்த நிலையில் ஒரு பெண் தனியாக வாசலில் நிற்கக் கூடாது.

அந்தப் பக்கத்துச் சொந்தங்களுக்கும் சொல்லி வையுங்கள். மணவிலக்குப் பெற்ற தாய் பிள்ளைக்காகக் கேட்கும் செலவு, பிள்ளைக்கு 2 வயதாகும்வரைதான் என்ற வாதம் இந்தியாவில் ஒரு காலத்தில் எழுந்தது. பீகாரைச் சேர்ந்த ஒரு தாய் தன் மூன்று பிள்ளைகளுக்காகப் போராடினார். பிள்ளைகளின் உரிமை தாயின் உரிமையிலிருந்து தனித்தது, முஸ்லிம் தந்தைக்கும் அந்தக் கடமை உண்டு என்று 1997இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசாரணை நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளுக்கு விதித்திருந்தது தலைக்கு மாதம் 150 ரூபாய்தான். அந்த 150 ரூபாய்க்காக அவர் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனார். நமக்குக் கிள்ளான் வரை போவது தூரமா?

நிறைவாக, சங்கத்திடம் எங்கள் குழு வைக்கும் கோரிக்கைகள் மூன்று. மலாய் நன்கு தெரிந்த, இரகசியம் காக்கத் தெரிந்த ஆண்கள் இருவர், பெண்கள் இருவர் கொண்ட துணைக்குழு ஒன்றை அமையுங்கள். மன்றம் செல்வோருடன் அவர்கள் உடன் செல்லட்டும், மனு எழுத உதவட்டும். சங்கத்தின் முன் வரும் எந்தப் பிரிவினைப் பேச்சும், பிள்ளைகளின் ஹதானாவும் நஃபகாவும் நீதிமன்றத்தில் பதிவாகும்வரை முடிந்ததாகக் கருதப்பட வேண்டாம். நிக்காஹ்வுக்கு முன் பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்பில் இந்தச் சட்டங்களையும் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுங்கள்.

கணவன் மனைவி என்ற உறவு முடியலாம். வாப்பா, உம்மா என்ற உறவுக்கு முடிவு கிடையாது. வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களைச் சேர்த்து வைப்பானாக. பிரிய நேர்ந்தவர்களின் பிள்ளைகளை எந்தக் குறையுமின்றி வளரச் செய்வானாக. அவர்களின் உரிமையைக் கொடுத்துவிட்டவர்களாக நம் ஒவ்வொருவரையும் ஆக்குவானாக. ஆமீன்.